கிவான் எப்படிப்பட்ட ஊர்? தம்பிக்குப் பெண் எடுக்கிறோம்

மோல்மீன் மல்லிகை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ஆறு வருடமாகக் கப்பலில், மெஷின் ரூமில் ஆயிலராக இருக்கிறான். சிங்கப்பூரில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு பழக்கமாகி, இரண்டு வருடம் எங்களிடம் மூச்சு விடாமல் இருந்தான். போன தைப்பூசத்துக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தான். பெண் பிலிப்பைன்ஸ்காரி. போனில் நானே நான்கைந்து தரம் பேசிவிட்டேன். தன்மையான பெண். தமிழில் "அம்மா சாப்பிட்டீங்களா" என்று கேட்கப் பழகியிருக்கிறாள். அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. சிக்கல் ஊரில்தான்.

பெண்ணின் ஊர் கிவான். சமார் என்கிற தீவில் இருக்கிறது. தம்பி போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினான். தீவின் வால் நுனியில் ஒரு புள்ளி. அம்மா அந்தப் புள்ளிக்கு வலது பக்கம் விரலை வைத்து, "இதுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை, கடல்தான்" என்றான் தம்பி. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மாவின் அக்கா ஐராவதி டெல்டாவில் போகலேயில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் பெரியம்மா, பெரியப்பா, சின்ன அண்ணன் மூன்று பேரும் போய்விட்டார்கள். பெரிய அண்ணன் மட்டும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து இரவெல்லாம் கிடந்து பிழைத்தான். மரப்பட்டை உரசி நெஞ்சிலும் கைகளிலும் தோல் போய்விட்டது. அந்தத் தழும்பை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கடற்கரை ஊர் என்றாலே ஆகாது. "புயல் அடிக்கிற ஊரிலா சம்பந்தம்?" என்பதுதான் அவள் கேள்வி.

கல்யாணத்தை டிசம்பர் 8-ல் ஊர்த் திருவிழாவை ஒட்டி வைக்கலாம் என்று பெண் வீட்டார் சொல்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் போக வேண்டும். அந்த ஊர் உண்மையில் எப்படிப்பட்டது, அங்குள்ளவர்கள் எப்படிப்பட்டவர்கள், டிசம்பரில் போகலாமா? ஆங்கிலத்தில் கிடப்பதைப் படித்து அம்மாவுக்கு விளங்கச் சொல்ல எனக்கு வரவில்லை. போய் வந்தவர்கள் யாராவது தமிழில் எழுதினால் அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ரங்கூன் கடலோடி எழுதியது:

தங்கச்சி மல்லிகை, நான் 31 வருடம் கப்பலில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் போசன், டெக் ஆட்களுக்குத் தலைவன். என் பாட்டனார் காலத்தில் அதையே செராங் என்பார்கள். என்னோடு மூன்று கப்பலில் ஃபிட்டராக இருந்தவர் கிவான்காரர். அவர் வீட்டில் இரண்டு தடவை தங்கியிருக்கிறேன், புயலுக்கு முன்னால் 2012-ல் ஒருமுறை, பின்னால் 2015-ல் ஒருமுறை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால் அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தே எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதை நான் மறுக்க மாட்டேன். 2013 நவம்பர் 8-ம் தேதி விடியற்காலை 4:40-க்கு ஹையான் புயல், அவர்கள் யோலாந்தா என்பார்கள், முதன்முதலில் தரை தொட்டதே கிவானில்தான். காற்று மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் என்பது அமெரிக்கக் கணிப்பு. அங்கிருந்த வானிலை ராடாரையே உடைத்துப் போட்டுவிட்டது. என் கூட்டாளியின் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள் நான்கு பேரும் வீட்டுக் கக்கூஸுக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அது ஒன்றுக்குத்தான் கான்கிரீட் கூரை. கதவு பிய்ந்து போகாமல் இருக்க மாமியார் தாழ்ப்பாளில் தன் முந்தானை மாதிரித் துணியைக் கட்டி, அதைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கிறார். 2015-ல் நான் போனபோது அந்தக் கிழவி எனக்கு அந்தக் கையைக் காட்டினார். இரண்டு விரல் நேராக நிமிராது. காட்டிவிட்டு உடனே எழுந்து போய் எனக்குச் சோறு போட்டார்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தப் புயலில் பிலிப்பைன்ஸ் முழுக்க 6,300 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அதில் பெரும் பங்கு தாக்லோபன் பக்கம், லெய்த்தே தீவில். புயல் முதலில் மோதிய கிவானில் கட்டடங்கள் தரைமட்டமாயின, ஆனால் உயிர்ச்சேதம் அந்த அளவுக்கு இல்லை. ஏன் என்றால் தண்ணீர். ஆழம் குறைந்த, புனல் மாதிரிக் குறுகிக்கொண்டே போகும் வளைகுடாவில் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு போனால் தண்ணீருக்கு வேறு வழியில்லை, மேலேதான் ஏறும். தாக்லோபன் அந்தப் புனலின் குறுகிய முனையில் இருக்கிறது. நம் ஐராவதி டெல்டாவும் அப்படித்தான், மேடு என்று ஒன்று இல்லாத தரை. கிவானுக்குக் கிழக்கே கடல் சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும். 1944-ல் சமாருக்குக் கிழக்கே நடந்த கடற்போரில் மூழ்கிய சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை 2022-ல் கண்டுபிடித்தபோது அது 6,895 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அவ்வளவு ஆழக் கடல் அது. ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மேடும் இருக்கிறது. ஓடி ஏற ஓர் இடம் உண்டு. போகலேயில் அது இல்லை அம்மா. பெரியம்மா குடும்பத்துக்கு ஏறிப் போக ஓர் இடம் இருந்ததா சொல்லுங்கள்?

சரி, ஊருக்கு வருகிறேன். எழுத்தைப் பார்த்து குயியுவான் என்று வாசித்துவிடாதீர்கள், கிவான் என்றுதான் சொல்வார்கள். சமார் தீவின் தென்கிழக்கு வால். ஊரின் முகம் மேற்கே லெய்த்தே வளைகுடாவைப் பார்த்திருக்கும், முதுகு பசிபிக்குக்கு. முகத்துப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி. கலிக்கோவன் என்று ஒரு நீளமான தீவு ஒட்டியே இருக்கிறது, அதன் கிழக்குக் கரையில் போய் நின்றால் அலை பனைமரம் சாய்கிற மாதிரி வந்து விழும். அலைமேல் பலகை வைத்துச் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். துபாபாவ், மணிக்கானி, சுலுவான், ஹோமோன்ஹோன் எல்லாம் கிவான் நகராட்சியைச் சேர்ந்த தீவுகள்தான்.

அந்த ஹோமோன்ஹோனைப் பற்றி அம்மா கட்டாயம் கேட்க வேண்டும். 1521 மார்ச் 16-ல் மகெல்லன் என்ற ஐரோப்பிய மாலுமி, பசிபிக்கை முழுக்கக் கடந்து வந்து, பிலிப்பைன்ஸில் முதலில் பார்த்தது சமார் மலையை. மறுநாள் இறங்கியது ஹோமோன்ஹோனில். பசிபிக்கில் மூன்று மாதத்துக்கும் மேல் நல்ல தண்ணீரும் பச்சைக் காய்கறியும் இல்லாமல் ஈறு வீங்கிச் செத்துக்கொண்டு வந்தவர்கள். கரையில் நோயாளிகளுக்கு இரண்டு கூடாரம் அடித்தார்கள். 18-ம் தேதி சுலுவான் தீவிலிருந்து ஒரு படகில் ஒன்பது பேர் வந்தார்கள். கையில் மீன், வாழைப்பழம், இரண்டு தேங்காய், ஒரு ஜாடி கள். கூட வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா அந்தக் கள்ளின் பெயரை உராக்கா என்று எழுதி வைத்திருக்கிறார். சாராயத்தை அராக் என்கிறோமே, அந்தச் சொல் மாதிரிதான். வந்தவர்கள் சொன்ன சொல் தவறாமல் நான்கு நாள் கழித்து மறுபடி தேங்காயும் ஆரஞ்சும் ஒரு சேவலும் கொண்டுவந்தார்கள். மகெல்லன் தினமும் காலையில் கரைக்குப் போய் நோயாளிகளுக்குத் தன் கையாலேயே இளநீர் கொடுத்தார் என்று அதில் இருக்கிறது. எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் சம்பந்தி ஊரின் எழுதப்பட்ட வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது, முன்பின் தெரியாதவனுக்கு இளநீர் கொடுத்ததில். நான் போனபோதும் அதுதான் நடந்தது. வேனிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள் கிழவி இளநீரைச் சீவிக் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டு தென்னை இருந்தால் பத்துப் பேர் குடும்பம் பிழைக்கும் என்றும் பிகாஃபெட்டா எழுதுகிறார், ஒரு வாரம் இதில் கள் இறக்கு, அடுத்த வாரம் அதில் இறக்கு என்று. 2012-ல் நான் பார்த்த கிவான் அப்படித்தான் இருந்தது. எங்கே திரும்பினாலும் தென்னை. கள்ளில் ஒரு மரப்பட்டைத் தூளைக் கலந்து சிவப்பாக்கி வைப்பார்கள், தூபா என்று பெயர். நம் பனங்கள் மாதிரி இனிப்பாக இருக்காது, துவர்ப்பு தூக்கலாக இருக்கும். யோலாந்தா அந்தப் பகுதி முழுக்க மூன்று கோடிக்கு மேற்பட்ட தென்னைகளைச் சேதமாக்கியது. 2015-ல் போனபோது குன்றெல்லாம் தலையில்லாத மரங்கள், தீக்குச்சியை நட்டு வைத்த மாதிரி. என் கூட்டாளியின் தகப்பனார் விழுந்த மரங்களைப் பலகையாக அறுத்து வீட்டைத் திரும்பக் கட்டியிருந்தார். பின்கட்டில் நாற்பது தென்னம்பிள்ளை வரிசையாக நட்டிருந்தார். காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அவருக்கு அப்போது 74 வயது. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு கன்றுக்கும் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது நேரடியாக உங்கள் கேள்வி. டிசம்பர் வேண்டாம். சமாரின் கிழக்குக் கரைக்கு நம் ஊர் மாதிரிக் காய்ந்த கோடை என்று தனியாகக் கிடையாது. வருடம் பூராவும் மழை, நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழை. அந்தக் கரையில் பெரிய புயல்களும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் அதிகம். யோலாந்தாவுக்கு அடுத்த வருடம், 2014 டிசம்பர் 6-ல், ஹகுபிட் என்ற புயல் அதே கிழக்கு சமாரில் டொலோரெஸ் என்ற ஊரில் இறங்கியது. திருவிழாவுக்கு இரண்டே நாள் முன்னால். அந்த முறை லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார்கள், உயிர்ச்சேதம் குறைவு. ஆனாலும் ஒதுங்கிய இடத்தில் பாய் விரித்துக்கொண்டு கல்யாணம் நடத்த முடியுமா? ஏப்ரல் கடைசி அல்லது மே வையுங்கள். பெண் வீட்டாரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். போகலே கதையைச் சொல்லுங்கள். அந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ளாத ஒரு வீடு இருக்காது.

உன் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஹோமோன்ஹோனில் நிக்கல் தாது தோண்டுகிறார்கள். செம்மண் மாதிரி இருக்கும், பார்ஜில் கொண்டுவந்து நடுக்கடலில் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். அந்தப் பக்கம் அவன் கப்பல் சரக்கு ஏற்றப் போனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல். ஈரத் தாது கப்பல் ஆட ஆடக் கஞ்சியாகிவிடும், ஒரு பக்கமாக ஓடினால் கப்பல் கவிழ நேரம் ஆகாது. 2010 கடைசி மூன்று மாதத்தில் மட்டும் இந்தோனேசியாவில் நிக்கல் தாது ஏற்றிய மூன்று கப்பல்கள் இப்படி மூழ்கின, 44 பேர் போனார்கள். நாங்கள் ஒரு தகர டப்பாவில் பாதி அளவு தாதைப் போட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் 25 தரம் தட்டுவோம். மேலே தண்ணீர் கசிந்து பளபளவென்று வந்தால் அந்தச் சரக்கு ஆகாது. ஒருமுறை அப்படி வந்தது. சீஃப் ஆபீசரிடம் டப்பாவோடு போய் நின்றேன். ஏற்றுவதை நிறுத்தினார். ஆயிலர் மெஷின் ரூமில்தான் இருப்பான், தெரியும், ஆனாலும் டெக்கில் என்ன நடக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை.

தட்டோன் சயா எழுதியது:

கடலோடி அண்ணன் இளநீர்க் கதையை எழுதிவிட்டார். எனக்கு அந்த ஊரின் வேறு இரண்டு கதைகள் உண்டு. நான் கிவானுக்குப் போனதில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்தவன், வகுப்பில் பசிபிக் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன்.

1696 டிசம்பர் கடைசியில் இரண்டு படகுகள் கிவான் கரைப் பக்கம் ஒதுங்கின. அதில் இருந்தவர்கள் பலாவ், கரோலின் தீவுகள் இருக்கும் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்குப் புறப்பட்டவர்களைக் காற்று அடித்துக்கொண்டு போய், எழுபது நாள் கடலில் அலைந்திருக்கிறார்கள். புறப்பட்டது 35 பேர், வழியிலேயே ஐந்து பேர் இறந்துபோனார்கள். கரை தெரிந்ததும் உள்ளே வரப் பயம், பாறைகளுக்கு நடுவே வழியும் தெரியாது. கரையில் நின்ற கிவான்காரர் ஒருவர் கையைக் காட்டிப் பார்த்தார். அவர்களுக்குப் புரியவில்லை. அவர் கடலில் குதித்து நீந்திப்போய்ப் படகில் ஏறி, தானே திசைகாட்டிக் கரை சேர்த்தார்.

இறங்கியவர்களின் பாஷை யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் எப்போதோ அதேபோல் ஒதுங்கி, அந்த ஊரிலேயே தங்கிவிட்ட இரண்டு பெண்களை அழைத்துவந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வந்தவர்களில் தன் சொந்தக்காரர்களைக் கண்டுகொண்டாள். அவர்களும் அவளை அடையாளம் கண்டு அழுதார்கள். இதையெல்லாம் பால் க்ளைன் என்ற யேசு சபைப் பாதிரியார் 1697-ல் ஒரு கடிதமாக எழுதினார். வந்தவர்கள் தங்கள் தீவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டுவதற்குக் கரையில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்தார்களாம். அதைப் பார்த்து வரைந்த படம்தான் அந்தத் தீவுகளைப் பற்றி ஐரோப்பாவுக்குப் போன முதல் படங்களில் ஒன்று.

1942-ல் ஜப்பான் சண்டையின்போது என் பாட்டி ரங்கூனிலிருந்து அரக்கான் வழியாக இந்தியாவுக்கு நடந்தவர். கைக்குழந்தையாக என் அப்பா. ஓர் ஆற்றங்கரையில் வழி தெரியாமல் நின்றபோது, பாஷை தெரியாத ஒரு மலைக்கிராமத்துப் பெண், குழந்தையை வாங்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டு அக்கரை வரை நடந்து காட்டினாளாம். சண்டை முடிந்து திரும்பி வந்த பிறகும் பாட்டி அவளுக்காகத் தினம் ஒரு விளக்கு ஏற்றுவார். நீந்திப்போன கிவான்காரரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். அவள் பெயரும் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று துபாபாவ். 1949-ல் சீனாவில் கம்யூனிஸ்ட் படை ஷாங்காயை நெருங்கியபோது, ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அங்கே குடியேறி நாடு இல்லாமல் இருந்த ரஷ்யர்கள் மறுபடி ஓட வேண்டி வந்தது. பல நாடுகள் கைவிரித்தன. குடியரசுத் தலைவர் எல்பிதியோ கிரினோவின் பிலிப்பைன்ஸ் சரி என்றது. அந்த நாடே அப்போதுதான் யுத்தத்தில் சாம்பலாகி எழுந்துகொண்டிருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிவானுக்கு எதிரே இருக்கும் துபாபாவ் தீவில், அமெரிக்கக் கடற்படை விட்டுப்போன இடத்தில், கூடாரத்தில் இருந்தார்கள், சிலர் இரண்டு வருடத்துக்கு மேலேயே. கூடாரத்திலேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பேராயர் ஜான், தினமும் இரவு முகாமைச் சுற்றி நடந்து நான்கு திசையையும் ஆசீர்வதிப்பார் என்றும், அவர்கள் இருந்த வரை பெரிய புயல் எதுவும் அங்கே இறங்கவில்லை என்றும் சொல்வார்கள். பிறகு பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

1964-ல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு இங்கிருந்து கப்பலேறிய நம் ஆட்களில் என் சித்தப்பாவும் ஒருவர். பிறந்த ஊரும் இல்லை, போகிற ஊரும் தெரியாது. அந்த நிலையில் இருக்கிறவனுக்கு ஒரு கரை இடம் கொடுத்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் சம்பந்தி ஊர் அப்படிப்பட்ட கரை.

பெகு இளையவன் எழுதியது:

கடலோடி அண்ணா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், அம்மாவைப் பயமுறுத்த இல்லை. ஆழக்கடல் பக்கம் இருந்தால் தண்ணீர் வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யோலாந்தாவின்போது கிவானுக்கு வடக்கே ஹெர்னானி என்ற ஊரில் சுனாமி மாதிரி ஒரே சுவராகத் தண்ணீர் வந்ததை ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார். ஒரு வீடு அப்படியே பெயர்ந்து போவது தெரியும். அந்த ஊருக்கு முன்னால் பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. சாதாரண நாளில் அதுதான் காவல். ஆனால் அவ்வளவு பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வந்து பாறை விளிம்பில் உடைந்தபோது, ஒவ்வொரு கூட்டத்தின் தண்ணீரும் சேர்ந்து ஒரே நீண்ட அலையாகக் கரைக்குள் பாய்ந்தது என்று பிறகு ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அதனால் எந்த மாதம் போனாலும், பெண் வீட்டில் போய் இறங்கியதும் முதல் கேள்வியாக, புயல் என்றால் எங்கே ஏற வேண்டும் என்று கேட்டு, அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். நர்கிஸ் வந்தபோது எனக்கு பதினொரு வயது, டெல்டாவில் டெடாயேயில் இருந்தோம். புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னது எங்கள் வீட்டுக்கும் கேட்டது. ஆனால் கடல் ஊருக்குள் வரும், எழுந்து மேட்டுக்குப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. போவதற்கு மேடும் இல்லை. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,38,000 பேர். கிவான்காரர்களுக்கு இப்போது கடல் ஊருக்குள் வரும் என்று தெரியும், எங்கே போக வேண்டும் என்றும் தெரியும்.

மோல்மீன் மல்லிகை எழுதியது:

கடலோடி அண்ணா, சயா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்தேன். கக்கூஸில் உட்கார்ந்திருந்த கிழவி கதை வந்தபோது நிறுத்தச் சொன்னாள். பிறகு, "அந்த விரலை இன்னொரு தடவை வாசி" என்றாள். வாசித்தேன். படகைக் கரை சேர்த்தவர் கதையில் அழுதுவிட்டாள். பெரிய அண்ணனை மரத்திலிருந்து இறக்கிப் படகில் ஏற்றியதும் முகம் தெரியாத ஒரு மீனவர்தான். அதை நான் முதலில் எழுத மறந்துபோனேன்.

இன்று காலையில் அம்மாவே தம்பிக்குப் போன் போட்டு, "சித்திரையில் வைக்கலாம் என்று அவர்களிடம் கேள்" என்றாள். பெண்ணின் அம்மா உடனே சரி என்றாராம். அவர்களும் டிசம்பர் மழையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம், திருவிழா என்பதால் சொல்லத் தயங்கினார்கள்.

அண்ணா, இன்னும் இரண்டு கேள்வி. கோயில் கல்யாணத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், தாலி கட்ட விடுவார்களா? அப்புறம் அம்மா கேட்கிறாள், அங்கே வெற்றிலை பாக்கு கிடைக்குமா?

ரங்கூன் கடலோடி எழுதியது:

இளையவன் தம்பி சொன்னது சரி. ஹெர்னானி விஷயத்தை நான் எழுதியிருக்க வேண்டும். அந்த வழியை நடந்து பார்ப்பது நல்ல யோசனை, கட்டாயம் செய்யுங்கள்.

மல்லிகை, சித்திரை என்றது கேட்டு எனக்கே சந்தோஷம். கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். அமலோற்பவ மாதா கோயில், பவளக்கல்லில் கட்டிய கெட்டிச் சுவர், சுற்றிக் கோட்டை மாதிரி மதில். 2001-ல் தேசியப் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவித்தார்கள். 2012-ல் உள்ளே போனபோது நான் மேலே பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். சிப்பி, சோழி, சங்கு, எல்லாம் சுவரிலும் விதானத்திலும் பூ வடிவத்தில் பதித்திருந்தார்கள். ஒரு பூவுக்கு இதழ் எல்லாம் ஒரே அளவுச் சிப்பி, நடுவில் சின்னச் சோழி. மார்கழிக் கோலத்தைத் தூக்கிக் கூரையில் ஒட்டின மாதிரி இருந்தது. விரல் நகம் அளவுள்ள சிப்பியைக்கூட அளவு பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். யோலாந்தா கூரையைப் பிய்த்துப் போட்டது. 2015-ல் நான் பார்த்தபோது அந்தப் பூக்களில் பாதி இல்லை, வெயில் நேராகத் தரையில் விழுந்தது. ஒரு பெண் உடைந்த சிப்பிகளைத் தேயிலை டப்பாவில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தேசிய அருங்காட்சியகம் பழையபடி எடுத்துக் கட்டியது. அம்மா அங்கே போய் நின்று மேலே பார்க்க வேண்டும்.

பெண் கத்தோலிக்கம், தம்பி இந்து என்பதால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். அது போரோங்கன் மறைமாவட்டம். பங்குச் சாமியாரிடம் நான்கைந்து மாதம் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள், காகிதம் எல்லாம் நிதானமாக நடக்கும். கோயில் சடங்கில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் 13 காசு கொடுப்பார். பிறகு இரண்டு பேர் தோளிலும் ஒரே கயிற்றை எட்டு வடிவத்தில் மாட்டுவார்கள். அதைப் பார்த்தால் அம்மாவுக்கு ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது. தாலியைக் கோயில் சடங்குக்குப் பிறகு பெண் வீட்டில் வைத்துக் கட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் அவர்கள் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைப்பார்கள். அம்மாவுக்கும் செய்வார்கள், கையை நீட்டினால் போதும், ஆசீர்வாதம் அதுதான். அந்த ஊர் பாஷையான வாராயில் "மாஉபாய்" என்றால் நலம், நல்லது. அந்த ஒரு சொல்லோடு போனால்கூடப் பிடித்துக்கொள்வார்கள்.

சாப்பாடு கவலை வேண்டாம். மூன்று வேளையும் சோறு, மீன். நம் ஙாப்பி என்கிற புளித்த மீன் விழுதுக்குப் பதில் கினாமோஸ். பச்சை மீனைக் காடியில் ஊறவைத்து இஞ்சி, வெங்காயம் போட்டுத் தருவார்கள், கினிலாவ் என்று பெயர். பிடிக்காவிட்டால் பொரித்தது கேளுங்கள். மணிலாவிலிருந்து தாக்லோபனுக்கு விமானம், அங்கிருந்து வேனில் மூன்று நான்கு மணி நேரம். சான் ஹுவானிகோ பாலத்தில் லெய்த்தேயிலிருந்து சமாருக்குக் கடலைக் கடப்பீர்கள், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1973-ல் திறந்தது. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வழி நெடுகக் கடல் கூடவே வரும். பலாங்கிகா என்ற ஊரில் வேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி மணிக்கூண்டைப் பாருங்கள். 1901-ல் அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டு போன கோயில் மணிகளை 117 வருடம் கழித்து, 2018 டிசம்பரில்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெற்றிலைக்கு வருகிறேன். மகெல்லன் காலத்தில் அந்தத் தீவுகளில் எல்லாரும் ஓயாமல் பாக்கு மென்றுகொண்டிருந்ததை பிகாஃபெட்டா எழுதியிருக்கிறார். இப்போது கிவான் கடைத்தெருவில் நான் தேடிக் கிடைக்கவில்லை. செடி, இலை எதையும் விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதனால் வெற்றிலை கொண்டுபோகாதீர்கள். ஆனால் 2015-ல் நான் சட்டைப்பையிலிருந்து காய்ந்த பாக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டபோது, என் கூட்டாளியின் மாமியார் உற்றுப் பார்த்தார். தன் பாட்டி இதை மெல்லுவாள் என்று சொல்லிக் கையை நீட்டினார், விரல் நிமிராத அந்தக் கையை. பாதியாக உடைத்துக் கொடுத்தேன். வாயில் அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை துப்பவே இல்லை.